உன் மனையில் நாற்பத்தொரு குடித்தனம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று கூடுதலாக வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நீ போன மாதம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "அத்தான், ஆறு மாசத்துல ரிட்டயர் ஆகிடுவேன். வந்ததும் வீட்டு வேலையை ஆரம்பிக்கணும். நம்ம பிளாட்டுல யாராவது ஆக்கிரமிச்சிருக்காங்களான்னு ஒரு பார்வை பாத்துட்டு, சுத்தம் பண்ணி, மண்ணடிச்சு வச்சிடுங்க" என்றாய். நானும், "அது என் பொறுப்பு, நீ நிம்மதியா இரு" என்றேன். உன் அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு, அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடவே கூடாது என்று ஒன்பது வருடமாகத் திட்டம் வைத்திருக்கிறாள். உன் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைத்துணிகூட எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள், இன்னும் ஜன்னலே இல்லை என்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஆகவே இந்தக் காரியத்தில் நான் சொதப்பினால் எனக்கு இந்த வீட்டில் சோறு தண்ணீர் கிடையாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்.

உன் மனை எப்படி இருக்கிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பதினேழும் பதினெட்டும் ஒரே நாளில் வாங்கினோம், பதினேழு எனக்கு, பதினெட்டு உனக்கு. அன்றைக்கு இங்கே ரோடு கிடையாது, வெறும் கல் நட்டிருந்தார்கள், சேற்றில் பின்பக்கமாக வந்து நின்று, "இடதுபக்கம் எனக்கு, வலதுபக்கம் மாப்பிள்ளைக்கு" என்று நான்தான் கையைக் காட்டினேன். பிறகு ரோடு வந்தது, நான் வீடு கட்டினேன், சுற்றிலும் எல்லாரும் கட்டினார்கள். உன் மனை மட்டும் அப்படியே பள்ளமாக, நடுவில் இடுப்பளவு தண்ணீரும் கரையில் கோரையும் ஒரு ஈச்ச மரமுமாக நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்காரர் வீடு. அந்த மனிதர் தன் வீட்டுச் சுவரில் 16 என்று கை அகலத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். வரிசைப்படி 19 என்றுதான் வர வேண்டும். நான்கு தடவை நேரில் போய் எடுத்துச்சொல்லிவிட்டேன், கேட்டால் சிரிக்கிறார். முப்பத்தோரு வருடம் நகராட்சியில் கதவு எண் போட்ட எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு காலைநேரம் டீயைக் குடித்துவிட்டு இறங்கினேன். இருக்கிறது, மாப்பிள்ளை. நன்றாகவே இருக்கிறது. ஈச்ச மரத்தில் மட்டும் பதினொரு தூக்கணாங்குருவிக் கூடுகள். கோரைக்குள் ஒரு நீர்க்கோழி, பின்னால் கறுப்புப் பஞ்சுருண்டைகளாக ஐந்து குஞ்சுகள். கரை மண்ணில் பொந்து வைத்து ஒரு மீன்கொத்தித் தம்பதி. தட்டான்கள் தனி. கல் இடுக்கில் அரணை. தண்ணீர்ப் பாம்பு ஒன்று என்னைப் பார்த்து, "யாரைக் கேட்டு உள்ளே வந்தாய்" என்கிற மாதிரி தலையைத் தூக்கியது. எனக்குக் கை பரபரத்தது. இத்தனை குடித்தனம் இருக்கிற இடத்தில் ஒரு நம்பர்கூட இல்லை என்றால் என்னால் எப்படித் தாங்க முடியும், நீயே சொல். வீட்டுக்கு ஓடிவந்து பரணில் இருந்த நீல பெயின்ட் டப்பாவையும், மிச்சம் கிடந்த ஆபீஸ் படிவக் கட்டையும் எடுத்தேன். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் உன் அக்கா. "சர்வே" என்றேன். "ஊருக்கெல்லாம் நம்பர் போட்ட மனுஷன், செருப்பு மட்டும் அடுத்தவன் செருப்பைப் போட்டுட்டு வருவார். பாத்துப் போங்க" என்றாள். அது ஒரே ஒரு தடவை நடந்தது. சரி, மூன்று தடவை.

உடைந்த டைல்ஸ் துண்டுகளில் எண் எழுதி ஒவ்வொரு வாசலிலும் வைத்தேன். நான்கு நாள் வேலை. அலுவலகத்தில் இருந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை, அங்கே நாய் கடிக்கும், இங்கே அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் சிக்கல் வேறு விதம். குருவிக் கூட்டில் ஆண் பாதி வீட்டைக் கட்டிவிட்டு வாசலில் தொங்கிக்கொண்டு கூப்பாடு போடுகிறது, பெண் வந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று போய்விடுகிறது, அவன் மறுபடி பக்கத்தில் இன்னொன்று ஆரம்பிக்கிறான். பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு எண் உண்டா இல்லையா என்று விதிமுறையில் இல்லை. உன் அக்காவைக் கேட்டேன். "அவன் பட்ட பாட்டுக்காவது ஒரு நம்பர் குடுங்க" என்றாள். கொடுத்தேன். தவளைகளை எண்ணவே முடியவில்லை. இருபத்தேழு வரை வந்தால் நான்கு பேர் தண்ணீருக்குள் குதித்துவிடுகிறார்கள், குதித்தவர்கள் ஏற்கெனவே எண்ணியவர்களா என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் 'கூட்டுக் குடும்பம்' என்று எழுதி ஒரே எண் கொடுத்துவிட்டேன். மொத்தம் நாற்பத்தொரு கதவு.

படிவத்தில் 'முந்தைய முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எப்படி நிரப்புவது என்று கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் முப்பத்திரண்டாம் நம்பர் பல் டாக்டர் நடைப்பயிற்சிக்கு வந்தார். கன்னத்தில் கையும் மடியில் படிவமும் பெயின்டுமாக நான் இருந்த நிலையைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கேட்காமல் விட்டாரே, அதுவே பெரிய மனுஷத்தனம். விஷயத்தைச் சொன்னேன். தவளைச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டவர், "சார், இது எங்க பிளாட்டுல இருந்த கூட்டம். நாங்க அஸ்திவாரம் தோண்டினப்ப ராவும் பகலும் கத்திச்சு. மண்ணடிச்சதும் ஒரே நாள்ல அமைதியாயிடுச்சு. செத்துப்போச்சுன்னு நினைச்சேன். இங்கயா வந்திருக்கு" என்றார். அதன் பிறகு நான் விடவில்லை, வீடு வீடாகப் போய் விசாரித்தேன். மீன்கொத்தி இருபத்தேழாம் நம்பர் டியூஷன் டீச்சர் மனையின் கரையில் இருந்தது. அரணை இப்போது ஜிம் இருக்கிற இடத்தில். குருவிகள் முதல் தெருவில், அங்கே இருந்த ஈச்ச மரத்தை வெட்டிவிட்டு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். நாற்பது மனைக்காரர்கள் ஒவ்வொருவராக மண்ணடிக்க அடிக்க, இதுகள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு தள்ளித் தள்ளி வந்து, கடைசியில் உன் நாற்பதுக்கு அறுபது அடி மனையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

நாற்பத்தொன்றாம் நம்பர் கீரி ஒன்றைத் தவிர மற்ற எல்லாருக்கும் கட்டங்கள் நிரம்பின. கடைசிக் கட்டம் ஒன்று மிச்சம், 'செல்லும் முகவரி'. அதாவது காலி செய்தால் எங்கே போவார்கள் என்று எழுத வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், மாப்பிள்ளை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சிமென்ட், சிமென்ட், பேவர் பிளாக், சிமென்ட். எழுத ஒரு முகவரி அகப்படவில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டு ஃபைலை மூடியதில்லை. மனசுக்குச் சங்கடமாக இருந்தது, அதை ஒளிப்பதில் பயனில்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். முறைப்படி காலி செய்ய வேண்டும் என்றால் முறைப்படி அனுப்ப வேண்டும் அல்லவா. பழைய மனைக்காரர்கள் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் எழுதினேன். "தங்கள் மனையில் முன்பு குடியிருந்த கீழ்க்கண்டோர் தற்போது எனது மைத்துனரின் மனையில் அனுமதியின்றித் தங்கியுள்ளனர். பதினைந்து நாட்களுக்குள் தாங்கள் நேரில் வந்து அவர்களை அழைத்துச்சென்று பழைய இடத்தில் குடியமர்த்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது." பழைய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று இருந்தது, பாதி எழுத்து தேய்ந்துபோனது, அதையும் குத்தினேன். ஸ்டாம்ப் இல்லாத நோட்டீஸை யார் மதிப்பார்கள்.

மூன்றாம் நாளே டியூஷன் டீச்சர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "என்ன சார் இது, எனக்கு நோட்டீஸா? நான் யாரையும் குடிவைக்கவும் இல்ல, துரத்தவும் இல்ல" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். நான் கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். நல்லவேளையாக மீன்கொத்தி அப்போதுதான் தண்ணீரில் விழுந்து ஒரு மீனோடு எழுந்து, அவர் முகத்துக்கு நேரே கோரையில் உட்கார்ந்தது. என்ன நீலம். டீச்சர் நோட்டீஸை மடித்துக்கொண்டார். "இதுவா எங்க வீட்ல இருந்துச்சு?" என்றார். "ஆமாம்மா, தம்பதியா." "எனக்குத் தெரியவே தெரியாதே சார்" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் டியூஷன் பிள்ளைகள் பதினெட்டுப் பேரோடு வந்தார். அதற்கு மறுநாள் டாக்டர் தன் நர்ஸோடு வந்தார். ஜிம்காரர் அரணையைப் பார்க்க வந்து, அது ஓடிய வேகத்தைப் பார்த்து, தன் ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று நாலு பேரைக் கூட்டிவந்தார். அழைத்துப்போகத்தான் நோட்டீஸ் கொடுத்தேன், எல்லாரும் பார்த்துவிட்டுப் போக வருகிறார்கள். போகும்போது, "எங்க ஆளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க சார்" என்று என்னிடமே ஒப்படைக்கிறார்கள். எந்த முகத்தோடு நான் திட்டுவது.

இதில் நீர்க்கோழிச் சண்டை வேறு. அது எங்கள் வீட்டுக் கோழி என்று டாக்டரும், இல்லை எங்கள் வீட்டுக் கோழி என்று டீச்சரும் என் வாசலில் நின்று மல்லுக்கு நின்றார்கள். நான் நாற்காலி போட்டு விசாரணை நடத்தினேன். விசாரித்ததில் ஆண் முப்பத்திரண்டிலிருந்து வந்தது, பெண் இருபத்தேழிலிருந்து வந்தது, இங்கே வந்த இடத்தில் ஜோடி சேர்ந்து ஐந்து குஞ்சு என்று தெரிந்தது. அதாவது, நான் அப்படித் தீர்ப்புச் சொன்னேன். "அப்ப நாம சம்பந்தி" என்றார் டாக்டர். டீச்சரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் தெருவில் பார்த்துக்கொண்டால், "வாங்க சம்பந்தி", "பேரப்பிள்ளைங்களைப் பாத்தீங்களா சம்பந்தி" என்றுதான் பேச்சு. ஒன்பது வருடமாக இந்தத் தெருவில் யாருக்கும் யாரையும் தெரியாது, மாப்பிள்ளை. இப்போது சாயந்திரமானால் உன் மனைக் கரையில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

இப்படி எல்லாம் கூடிக்களித்துக்கொண்டிருந்த ஒரு சாயந்திரம்தான், நான் முன்பே சொல்லிவைத்திருந்த மண்லாரி வந்து நின்றது. நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். மண் கான்ட்ராக்டருக்கு ஹாரன் என்று பெயர், அவர் பேசினால் லாரிக்கு ஹாரன் தேவையில்லை. டீச்சரும் டாக்டரும் ஜிம்காரரும் ரோட்டுக்குக் குறுக்கே கைகோத்து நின்றுவிட்டார்கள். ஹாரன் இறங்கி வந்தார்.

"யாருங்க இங்க ஆட்சேபணை?"

"நான்தான் நோட்டீஸ் குடுத்தேன்" என்றேன்.

"அப்ப லோடு யாருங்க சொன்னது?"

"அதுவும் நான்தான்."

ஹாரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க ஒரு ஓரமா உக்காந்து உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றார். போகிற வழியில் என் படிவங்களை வாங்கிப் பார்த்தார். முந்தைய முகவரிக் கட்டத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "முப்பத்திரண்டு, நான் அடிச்ச மண்ணு. இருபத்தேழு, நான்தான். ஜிம்மு, நான்தான். சார், இதுங்களை ஊர் ஊரா விரட்டினது நான் ஒருத்தன்தான் போலிருக்கே" என்றார். டீ குடிக்கப் போகவில்லை. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு தொழில்காரராக ஒரு வார்த்தை சொன்னார். "போன மழைக்கு மூணாவது தெருவுல முழங்கால் தண்ணி. உங்க தெருவுல செருப்புகூட நனையல. ஏன்னு நினைச்சீங்க? எல்லாம் இந்தப் பள்ளம் குடிச்சுக்கிச்சு. இதை மூடினா அடுத்த மழைக்குத் தண்ணி உங்க ஹால்ல வந்து உக்காரும்." கொண்டுவந்த லோடைத் தெருமுனைக் குழிகளில் கொட்டி நிரவிவிட்டுப் போனார்.

இனி உன் அக்கா விஷயம். அவள்தான் இதில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள். ஒருநாள் பார்த்தால் பீரோவைத் திறந்து திரைத்துணியைத் தடவிக்கொண்டு நிற்கிறாள், மறுநாள் பின்வாசல் படியில் உட்கார்ந்து நீர்க்கோழிக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நேற்றைக்குச் சொன்னாள்: "தம்பியும் வரணும். அதுங்களும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னு என்கிட்ட கேக்காதீங்க, நான் அழுதுடுவேன்." கேட்கவே இல்லை, அழுதுவிட்டாள். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பெயின்ட் நெடி.

ஆகவே மாப்பிள்ளை, நேராகக் கேட்கிறேன். இடம் உன்னுடையது. நீ ஒன்பது வருடம் கனவு கண்ட வீடு. நான் வெறும் நம்பர் போடுகிறவன், எனக்கு அதில் ஒரு பிடி மண்ணுக்கும் பாத்தியதை இல்லை. நீ மண்ணடிக்கச் சொன்னால் அடிக்கிறேன், நாற்பத்தொரு டைல்ஸையும் என் கையாலேயே பொறுக்கி எடுக்கிறேன், சத்தியம். ஆனால் உனக்கு மனமிருந்தால், ரோட்டோரமாகத் தூண் எழுப்பி அதன்மேல் சின்னதாக வீடு கட்டலாம் என்று ஹாரன் சொல்கிறார், கீழே தண்ணீர் தன்பாட்டுக்கு இருக்கும். கார் நிறுத்த இடம் இருக்காது. கார் நிறுத்துகிற இடத்தில் மீன்கொத்தி இருக்கிறது. யோசித்து எழுது. நீ என்ன எழுதினாலும் உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் வராது.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் உண்டாகட்டும். மனையில் உள்ள உன் குடித்தனக்காரர்கள் அனைவரும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள், அதாவது சொல்லியிருப்பார்கள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பி.கு. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பல் டாக்டர் வந்தார். தினமும் காலையில் ஒரு கீரி நம் வீட்டு முன்வாசலில் ஏறி, வராந்தா வழியாக நடந்து, பின்வாசலில் இறங்கி உன் மனைக்குப் போகும். நாற்பத்தொன்றாம் நம்பர். அதற்கு மட்டும் முந்தைய முகவரி கிடைக்கவில்லை என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, "சார், அது பழகின வழியிலதான் போகுது. அதோட பழைய வீடு இதுதான். நோட்டீஸ் உங்களுக்கு வரணும்" என்றார். நியாயம் நியாயம்தானே. எனக்கு நானே நோட்டீஸ் எழுதி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பதில் எழுத மனை எண்ணைச் சரிபார்க்க வேண்டுமே என்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு பத்திரத்தை வெளியே எடுத்தேன்.

மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. பத்திரத்தில் என் பெயருக்கு உள்ள பதினேழாம் எண்ணுக்கு எல்லை போட்டிருக்கிறது: ஒருபக்கம் பதினாறு, மறுபக்கம் பதினெட்டு. பதினாறு ஜெராக்ஸ் கடைக்காரர். அவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது குளம். அன்றைக்குச் சேற்றில் பின்பக்கமாக நின்றுகொண்டு இடது வலது காட்டிவிட்டு, ரோடு வந்த பிறகு முன்பக்கமாக நின்று அதே இடதுபக்கத்தில் அஸ்திவாரம் போட்டுவிட்டேன். குளம் என்னுடையது. நாங்கள் வீடு கட்டிக் குடியிருப்பது உன் மனையில்.

உன் அக்காவிடம் சொன்னேன். முதலில் திகைத்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துச் சிரித்துச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தம்பிக்கு வீடு ரெடி. திரைத்துணியும் ரெடி. மாடி எடுத்து நாம மேல போயிடுவோம்" என்கிறாள். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், இப்போதும் சிரித்தார். என் குளத்தை நான் மூடப்போவதில்லை, அதில் உள்ள நாற்பத்தொரு பேருக்கும் இனி நான்தான் பொறுப்பு. முறைப்படி இன்னொரு படிவமும் நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். கதவு எண்: 42. குடியிருப்போர்: நானும் உன் அக்காவும். நிலை: அனுமதியின்றி ஆக்கிரமிப்பு. காலி செய்யச் சம்மதமா: இல்லை. முந்தைய முகவரி: பக்கத்து மனை, தெரியாமல் விட்டது. செல்லும் முகவரிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீ சொந்தக்காரன், பார்த்து எழுது.